அந்நியர் நிற்கும் மூன்று நிமிடம்

நீ ஜன்னல் பக்கம் உட்கார் நஸ்ரீன். பஸ் மூலனூர் போகிற வரைக்கும் அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும், ஆனால் காற்று வரும். இன்றைக்கு நீதான் முக்கியமான ஆள், மயக்கம் கியக்கம் போட்டு விழுந்துவிடக் கூடாது. காலையில் சாப்பிட்டாயா? இரண்டு இட்லியா? போதும். நிற்கத்தானே போகிறாய்.

சேது சார் என்ன சொல்லி உன்னை அனுப்பினார்? "போய்ச் சும்மா நில்லும்மா" என்றாரா? அவ்வளவுதானா? பார்த்தாயா. என்னுடைய மூன்று வருஷத்தை மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்.

சரி, நான் சொல்கிறேன். நீ துறையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, அதுதான் உன் தகுதி. நாச்சிமுத்து வீட்டு ஆடுகள் உன்னைப் பார்த்ததே இல்லை. உயரமும் என் உயரம்தான், ஐந்தடி இரண்டு. அப்புறம், நீ அதிகம் பேசமாட்டாய் என்று சார் சொன்னார். அதை என்னிடம் சொல்லும்போது ஒரு மாதிரியாகச் சொன்னார்.

சாரிடம் நான் செய்கிற ஆராய்ச்சியின் தலைப்பு இது: குடும்பப் பண்ணைகளில் மேச்சேரிச் செம்மறிகளின் சுபாவமும் அதன் மரபுவழியும். சிரிக்காதே. முதல் கருத்தரங்கில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர், ஆட்டுக்கு ஜாதகம் பார்க்கிறாயா என்று கேட்டார். அவருடைய ஆராய்ச்சி, கோழிமுட்டை ஓட்டின் கனம். நான் அவரை ஏதாவது கேட்டேனா? கேட்டேன். அரை மணி நேரம் கேட்டேன்.

விஷயம் எளிது. சில ஆடுகள் ஆளைக் கண்டால் மிரண்டு ஓடும், வேலியில் முட்டிக்கொள்ளும், குட்டியை விட்டுவிட்டுக்கூடப் போய்விடும். சில ஆடுகள் நின்று பார்க்கும். இது வளர்ப்பில் வருவதா, அப்பன் வழியில் வருவதா? அப்பன் வழி என்றால், சாதுவான கிடாவைத் தேர்ந்தெடுத்து விட்டால் நாலைந்து ஈற்றில் மந்தையே சாதுவாகிவிடும். ஆள் வைத்துப் பார்க்க வழியில்லாத சின்னக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்? நான் தப்பாகவா நினைத்தேன்?

கொறங்காடு தெரியாதா உனக்கு? வேலூர்ப் பக்கம் ஏது. இங்கே மழை கம்மி. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தைச் சுற்றிக் கிளுவை நட்டு உயிர்வேலி வளர்த்து, உள்ளே புல்லை விட்டுவிடும். ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு அவரவர் வேலைக்குப் போகலாம். மேய்க்க ஆள் வேண்டாம். ஒரு வேலி, ஒரு குடும்பம், ஒரு கிடா. இந்த மூன்றும் சேர்ந்தே இருப்பதை நினைவில் வைத்துக்கொள். சார் பின்னால் அதை வைத்துத்தான் என்னை மடக்கப் பார்த்தார்.

சோதனை என்ன என்றால், வேலியோரமாக வலை கட்டி ஒரு நீள அடைப்பு. தரையில் ஆறு சுண்ணாம்புக் கோடு. ஒரு கோடியில், வலைக்குப் பின்னால், மற்ற ஆடுகள் எல்லாம் நிற்கும். மறு கோடியில் ஓர் ஆட்டை மட்டும் விடுவார்கள். கூட்டத்தோடு போய்ச் சேரத்தான் அது துடிக்கும். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் முன்பின் தெரியாத ஓர் ஆள் நிற்பார். அதுதான் நீ. மூன்று நிமிடம். கையை ஆட்டாதே, கண்ணைப் பார்க்காதே, வாயைத் திறக்காதே. அது எந்தக் கோடு வரைக்கும் வருகிறது, எத்தனை தடவை கத்துகிறது, இரண்டையும் மனதில் எண்ணிக்கொண்டு, முடிந்ததும் எழுது. ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மதிப்பெண். ஒன்று என்றால் வலையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிற ஆடு. ஐந்து என்றால் உன் செருப்பை முகர்ந்து பார்க்கிற ஆடு.

பதினோரு குடும்பம். பதினோரு கிடா. எல்லாரிடமும் ஒப்பந்தம் போட்டோம். அதில் ஒரு விதி. எந்தக் கிடாவின் பெட்டைகள் கடைசிச் சோதனையில் சராசரி இரண்டரைக்குக் கீழே போகிறதோ, அந்தக் கிடாவுக்குக் காயடித்துவிட வேண்டும். பதிலுக்குச் சாதுவான வேறு கிடா திட்டத்திலிருந்து இலவசம். அந்த விதியைச் சேர்த்தது யார் என்று கேட்காதே. சரி, நான்தான். சார் வேண்டாம் என்றார். மிரண்ட கிடாவை அப்படியே விட்டுவைத்துவிட்டு என்ன ஆராய்ச்சி, அளந்து எழுதிவிட்டுப் போவதற்கா என்று நான் கேட்டேன். குழுவில் எல்லாருக்கும் பசிக்கிற நேரம். சேர்த்துவிட்டார்கள்.

முதல் வருஷம் நாச்சிமுத்து வீட்டு மந்தைதான் கடைசி. இருபத்திரண்டு பெட்டை, எல்லாம் ஒரே கிடாவுக்குப் பிறந்தவை. கிடா பெயர் மைனர். என் படிவத்தில் கிடா எண் ஆறு. சராசரி ஒன்று புள்ளி நான்கு. ஒரு பெட்டை வலையோடு சேர்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனது. முட்டியில் இந்தத் தழும்பு அதுதான்.

நாச்சிமுத்து காங்கயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் தூங்குவார். அவர் மனைவி மயிலாத்தா அக்கா விசைத்தறிக்குப் போகிறவர். பொழுது விடிய ஆட்டைத் திறந்துவிட்டுப் போனால் பொழுது சாயத்தான் வருவார். ஒரே மகள், பல்லடத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மதிப்பெண்ணை நான் படித்துக் காட்டியதும் அக்கா ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார், அப்போது நான் புது ஆள்.

"ஏனுங் டாக்டரம்மா, முன்னப்பின்ன தெரியாத ஆளு நட்டுக்க நின்னா நானே வேலி தாண்டி ஓடிருவனுங்க. ஆட்டைச் சொல்லி என்ன பண்றது?"

நான் விளக்கினேன். எல்லா வீட்டிலும் நான்தான் நின்றேன், எல்லா ஆட்டுக்கும் நான் அந்நியம்தான், உங்கள் ஆடு மட்டும் ஏன் ஓட வேண்டும், அப்பன் சரியில்லை என்றேன். அக்கா மைனரைக் காட்டிப் பேசினார். இதற்கு முன்னால் வாங்கி விட்ட இரண்டு கிடாவின் குட்டிகளும் கோடையில் பிழைத்து நிற்கவில்லையாம். தண்ணீர் லாரி வந்த வருஷத்தில்கூட நின்றது இதன் குட்டிகள்தானாம். மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ. எடை எனக்கும் தெரியும், நான்தானே நிறுத்தேன். ஆனால் என் தலைப்பு எடை இல்லையே. அதைச் சொன்னேன். உங்க தலைப்புல அது இல்லீங்களா என்று கேட்டுவிட்டு, தறிக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

அப்புறம் இரண்டாம் வருஷம். பதினோரு வீட்டிலும் பிறப்பு, எடை, நோய் எல்லாம் பதிய வேண்டும். பஸ் ஒரு நாளைக்கு இரண்டே தடவை. மகளின் அறை சும்மா கிடக்கிறது, தங்கிக்கொள்ளுங்கள் என்று அக்காவே சொன்னார். ஆறாம் எண் கிடாவின் வீட்டில் தங்கலாமா என்று யோசித்தேன். அறைக்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்? தங்கினேன். பதினான்கு மாதம்.

அந்த ஊரில் ஒரு பிரச்சினை. வீட்டில் சிக்னல் கிடையாது. கொறங்காட்டின் நடுவில் ஒரு பெரிய வெள்வேல மரம், அதன் அடியில் மட்டும்தான் எடுக்கும். அந்தக் காட்டில் கெட்டியான நிழலும் அந்த ஒரு மரத்தடிதான். ஆகவே நண்பகலில் நானும் அங்கேதான், ஆடுகளும் அங்கேதான். படிவத்தை அங்கே உட்கார்ந்துதான் நிரப்புவேன். சாரிடம் அங்கிருந்துதான் பேசுவேன். பேசுவேன் என்றால், அவர் என் மூன்றாம் அத்தியாயத்தை நாலு தடவை திருப்பி அனுப்பியிருந்தார், அமைதியாகவா பேச முடியும்? எனக்குத் தூத்துக்குடிக் குரல். கடற்கரையில் ஏலம் விடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் உப்பு வேண்டும் என்பதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வோம். தினமும் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார், அதற்குள் நீங்க போய் நீ வந்திருந்தது.

"நீ கத்தறது தார் ரோடு வரைக்கும் கேக்குது அம்மிணி. ஆடுக அது பாட்டுக்கு உன்னையச் சுத்திப் படுத்து அசை போட்டுட்டு இருக்குது."

நிழலுக்குப் படுத்திருக்கிறது என்றேன். ஆமாமா நெழலுதான் என்றார்.

நான் ஆடுகளோடு பழகினேன் என்று நினைக்காதே. அளக்கிறவள் பழகக் கூடாது, அது எனக்குத் தெரியாதா? பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. எண்தான். பதினேழாம் எண் இருக்கிறது, அக்கா அதை மூக்கி என்பார், நான் பதினேழு என்றுதான் சொல்வேன். நான் போன் பேசும்போது அது பின்னால் வந்து என் முதுகில் உரசும். அது பழக்கம் இல்லை, அரிப்பு. உண்ணி இருக்கும் என்று மருந்து போட்டேன். அப்புறமும் உரசியது. மருந்து சரியில்லை.

இரண்டாம் சோதனை வந்தது. பத்து வீட்டில் போன வருஷ மதிப்பெண்தான், அங்கே இங்கே புள்ளி மாறியிருந்தது. நாச்சிமுத்து வீட்டில் நாலு புள்ளி மூன்று. பதினோரு வீட்டில் முதலிடம். இருபத்திரண்டில் பதினாறு ஆடு நேராக நடந்து வந்து என்னிடம் நின்றது. பதினேழு வந்து என் பாவாடை நாடாவைத் தின்றது. இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடமும் ஆடாமல் நின்றேன். அதுதான் முறை.

நான் என்ன முடிவுக்கு வருவேன், சொல். முதல் வருஷச் சோதனையில்தான் ஏதோ பிழை. வலை புதிது, காற்று வேறு. கிடா எண் ஆறு உண்மையில் மிகச் சாதுவான வழி. அப்படித்தான் எழுதினேன். மைனரின் குட்டிகளைப் பதினோரு குடும்பத்துக்கும் கொடுக்கலாம் என்று பரிந்துரையும் எழுதினேன். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு வீட்டில் கோழி.

சார் அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த வீட்டில் எத்தனை நாள் இருந்தாய்? பயணப்படி விஷயமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஜெனிட்டா, அந்த ஆடுகளுக்கு நீ அந்நியர் இல்லை."

எனக்கு எப்படி இருக்கும்? ஹாஸ்டலில் மூன்று பேர் என் அறையிலிருந்து மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனுஷிக்கே என்னோடு பழக முடியவில்லை, ஆடு எப்படிப் பழகும்? அதையே சாரிடம் கேட்டேன். சரி, பழகியதாகவே வைத்துக்கொள்வோம், சீக்கிரம் பழகுகிற குணமும் மரபில் வந்ததாக இருக்கலாமே என்றேன். நல்ல வாதம்தானே? நல்ல வாதம், அதை நீ அளக்கவில்லையே என்றார். பகல் முழுக்க ஆளே இல்லாத வேலிக்குள் வளர்ந்த ஆடு ஆளைக் கண்டு ஓடியது. பதினான்கு மாதம் ஒருத்தி நடுவில் உட்கார்ந்து கத்தினாள், ஓடுவதை நிறுத்தியது. இதில் கிடா எங்கே வந்தது, வீடு எங்கே வந்தது, எப்படிப் பிரிப்பாய் என்றார். நாற்பது நிமிடம் பேசினோம். நான் பேசினேன். கடைசியில் அவர் சொன்னது, அங்கே போகாத ஒருத்தியை அனுப்பு, அவள் நிற்கட்டும், வருகிற மதிப்பெண்தான் கடைசி மதிப்பெண், ஒப்பந்தமும் அதன்படிதான்.

ஒப்பந்தம் என்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை. நீ என்னைப் பத்து நாளாகத்தான் பார்க்கிறாய், அதனால் இது உனக்குப் பெரிதாகத் தெரியாது.

ஆகவே விஷயம் இதுதான் நஸ்ரீன். உன் முன்னால் அந்த இருபத்திரண்டும் சாதுவாக நின்றால் என் அத்தியாயம் நிற்கும், மைனர் நிற்கும். ஓடினால் இரண்டும் போச்சு. திங்கட்கிழமை காயடிக்க ஆள் வரும். என் விதி.

போன வாரம் அக்காவிடம் சொன்னேன். ராத்திரிக்கு ரசம் தாளித்துக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"வர்ற புள்ளையும் உன்னாட்டம் பேசுமா அம்மிணி?"

"பேசாதுக்கா. ரொம்ப அமைதி."

"அப்ப மைனரு கதை முடிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்களும் சார் மாதிரியே பேசுகிறீர்கள், உங்கள் கிடா மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். கிடா மேல இருக்குது, உன் காயிதத்து மேலதான் இல்லை என்றார். எனக்கு ரசத்தை ஊற்றிவிட்டு, அப்பளம் இன்னொன்று போட்டார். போட்டுவிட்டு, ஒன்னும் நெனைக்காத, நீ படிச்சவ, உன் வேலையை நாயமாச் செய் என்றார். அப்படிச் சொல்கிறவரிடம் எப்படி வாதாடுவது?

எழுந்திரு, ஊர்ப்பாதை பிரிகிற ஸ்டாப் இதுதான். பார்த்து இறங்கு.

சார் என்னை இந்தத் தார் ரோட்டோடு நின்றுவிடச் சொன்னார். என் குரல் கேட்கக் கூடாதாம். ஆனால் உனக்கு வழி தெரியாது. கிளுவை வேலி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், நீ பாட்டுக்கு ஏழாம் எண் கிடாவின் காட்டுக்குள் போய் நின்றுவிட்டால் யார் பொறுப்பு? வேலி வரைக்கும் வந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வேகமாக நட. சும்மா வராதே, முறையைத் திருப்பிச் சொல் பார்ப்போம். கை? ஆட்டக் கூடாது. கண்? சரி. வாய்? ம். எத்தனை கோடு? ஆறு. உனக்கு எல்லாம் தெரிகிறது. அந்தக் கல்லைப் பார்த்து வா. இந்தப் பக்கம் போன மாதம் முள் வெட்டிப் போட்டார்கள், எடுக்கவே இல்லை, நான் ஊராட்சித் தலைவரிடம் இரண்டு தடவை சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

அதோ தெரிகிறதே, படல். பக்கத்தில் நிற்பவர்தான் மயிலாத்தா அக்கா. இன்றைக்குத் தறிக்கு விடுப்பு. ஆட்டை ஒவ்வொன்றாக அவர்தான் விடுவார்.

எதைக் காட்டுகிறாய்? வேலியிலா?

ஆமாம். வந்து நிற்கிறது. எல்லாமே. மைனர்கூட. வேலி ஓரத்துக்கே வந்துவிட்டது பார், கிளுவை இடுக்கில் மூக்கை நீட்டுகிறதே, அது பதினேழு. எல்லாம் உன்னைப் பார்க்கத்தான் நஸ்ரீன். புது ஆள் வருகிறாள் என்று வந்து நிற்கிறது. கொஞ்சமாவது மிரட்சி தெரிகிறதா? இதைத்தான் நான் நாற்பது நிமிடம் சொன்னேன். சோதனையே தேவையில்லை. எழுதிக்கொள், அந்நியர் வந்தபோது மந்தை தானாகவே...

எங்கே போகிறாய்? படல் இந்தப் பக்கம். ஏய், அங்கே என்ன இருக்கிறது?

ஓ, உன் பின்னால் வருகிறதா என்று பார்க்கிறாயா? சரி. போ. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ. அங்கேயே நில்.

ஒன்றுகூட நகரவில்லை.

காற்று இப்படி அடிக்கிறது, அதனால் இருக்கலாம். வேலி அங்கே அடர்த்தி, நீ தெரிந்திருக்கமாட்டாய். இல்லை. தெரிகிறாய். தலையைத் திருப்பி உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் இங்கேதான் பார்க்கிறது. அக்கா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இங்கே வா நஸ்ரீன். வா, கேள். நான் போகிறேன். தார் ரோட்டுக்கு இல்லை, அங்கே வரைக்கும் என் குரல் கேட்கும், அக்கா எப்போதோ சொல்லிவிட்டார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நான் போய் அரை மணி கழித்து ஆரம்பி. எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்தக் கோட்டை எழுது. அரைக் கோடு, கால் கோடு என்று பாவம் பார்த்துப் போடாதே. ஒன்று வந்தால் ஒன்று. என் அத்தியாயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை ஏற்கெனவே நாலு தடவை எழுதியவள்தானே.

அக்கா, மைனர் எங்கேயும் போகாது. காயடிக்கிறவர் வந்தால் படலைத் திறக்காதீர்கள், ஜெனிட்டா உத்தரவை எழுதி வாங்கச் சொன்னாள் என்று சொல்லுங்கள். அந்த விதி தப்பு. ஆமாம், தப்பு. எல்லாரும் பசியோடு இருந்த நேரத்தில் வாதாடி உள்ளே விட்டவள் நான், வாதாடி வெளியே எடுக்கவும் எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய் சார் அறை வாசலில் நிற்கிறேன். போனில் பேசமாட்டேன், நேரில்தான். சார் மிரளட்டும்.

சரி, இந்தா ஸ்டாப்வாட்ச். பொத்தான் கொஞ்சம் ஒட்டும், அழுத்தி அமுக்கு. இனிமேல் நான் பேசவில்லை. நடக்கிறேன்.

நஸ்ரீன், இது ஒன்று மட்டும். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலிக்கு உள்ளே சருகு சத்தம் கேட்கிறதே, ஆடு என் கூடவே வருகிறதா? எத்தனை?

வேண்டாம், எண்ணாதே. எண்ணிவிட்டால் எழுத வேண்டும்.